நைந்த தசைநாண் ஏன் விரைவில் ஆறுவதில்லை?

கேள்வி: குதிகால் தசைநாண் நைந்திருப்பதாக எலும்பு மருத்துவர் சொல்கிறார். முறிந்த எலும்பே சில வாரங்களில் கூடிவிடும்போது, இவ்வளவு உறுதியான நாண் ஆறுவதற்கு ஏன் பல மாதங்கள் ஆகின்றன? கொலாஜன் பொடி சாப்பிட்டால் பயன் உண்டா?
வாசகர், கரூர்

பதில்: தசைநாணின் உறுதிக்குக் காரணமான கட்டமைப்பே அது ஆறுவதையும் கடினமாக்குகிறது. நீரைக் கழித்தால் நாணில் பெரும்பங்கு கொலாஜன் என்னும் புரதம்தான். அதன் மூலக்கூறில் மூன்று சங்கிலிகள் இருப்பதை 1954இல் முன்மொழிந்து, அவை ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கின்றன என்று 1955இல் திருத்தியவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் கங்காரு வாலின் நாணை ஆராய்ந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். ஒவ்வொரு சங்கிலியிலும் ஏறத்தாழ 1,000 அமினோ அமிலங்கள் உள்ளன. மூன்றாவது இடந்தோறும் வருவது கிளைசின். மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடுப்பகுதியில், அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதான அதற்கு மட்டுமே இடம் உண்டு. மரபணுப் பிழையால் ஓரிடத்தில் கிளைசினுக்குப் பதில் பெரிய அமிலம் வந்துவிட்டாலே முறுக்கு குலைந்து, குழந்தைப் பருவத்திலேயே எலும்புகள் அடிக்கடி முறியும் நோய் உண்டாகலாம்.

சுமார் 300 நானோமீட்டர் நீளமுள்ள இம்மூலக்கூறுகள், செங்கல் வரிசைகளைப் போல ஒன்றுக்கொன்று தள்ளி அடுக்கப்பட்டு, குறுக்குப் பிணைப்புகளால் கட்டுண்டு இழைகளாகின்றன. அளவுக்கு மீறி, அல்லது ஓய்வின்றித் திரும்பத் திரும்ப இழுக்கப்படும்போது, நாண் அறுவதற்கு முன்பே மூலக்கூறுகள் ஒன்றின்மீது ஒன்று வழுக்குகின்றன; சிலவற்றில் முறுக்கும் அவிழ்கிறது. முறுக்கோடு இருக்கும் கொலாஜனைப் பெரும்பாலான நொதிகளால் வெட்ட முடியாது. அவிழ்ந்ததை எளிதில் வெட்டிவிடும்.

வெட்டப்பட்டதை ஈடுசெய்வதுதான் சிக்கல். 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பனை அளவுகோலாகக் கொண்டு 2013இல் வெளியான ஆய்வொன்று, குதிகால் நாணின் மையப்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகி, பிறகு பெரிதாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்று காட்டியது. இரத்த ஓட்டம் மிகுந்த எலும்பின் நிலை வேறு. அது வாழ்நாள் முழுவதும் தன்னைக் கரைத்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது. நாணிலோ புண்பட்ட இடத்தில் உருவாகும் புதிய இழைகள் மெல்லியவை, ஒழுங்கற்றவை. அவை இழுவிசையின் திசையில் வரிசைப்படவும் பிணைப்புகள் முதிரவும் மாதங்கள் ஆகும்.

பொடியைப் பொறுத்தவரை, அதிலுள்ள கொலாஜன் முறுக்கிழந்து துண்டானது. குடலில் அது மேலும் செரித்துவிடுகிறது. அது நேராகக் குதிகாலுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும் என்பது விளம்பரக்காரர்களின் கற்பனை. சங்கிலிகளை உடலே முறுக்கிக் கட்ட வைட்டமின் சி தேவை; அதற்கு நெல்லிக்காயும் கொய்யாவும் போதும். நாணுக்கு முழு ஓய்வைவிட, இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகச் சுமையைக் கூட்டும் குதிகால் பயிற்சியே பலன் தரும். திடீரென நாண் அறுந்தது போன்ற உணர்வு ஏற்பட்டாலோ, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனாலோ, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.