அந்த 50 ஆயிரத்தை இன்னும் கொடுத்துவிடாதீர்கள், அண்ணே

வணக்கம் அண்ணே. ஏஜெண்ட் கொடுத்ததாக நீங்கள் அனுப்பிய தாளை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். "சிங்கப்பூர், ஷார்ட் டெர்ம் எஸ் பாஸ், 6 மாதம், சம்பளம் 1,800 வெள்ளி, மொத்தச் செலவு 3 லட்சம், முன்பணம் 50,000." கீழே ஒரு விமானத்தின் படம். கம்பெனி பெயரை மட்டும் எங்கேயும் காணோம்.

உங்கள் பையன், நம்ம தம்பி, பி.இ. மெக்கானிக்கல் முடித்து ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறான். ஆறு மாதம் போய் வந்தால் எம்.இ. செலவுக்கு ஆகும், கொஞ்சம் அனுபவமும் கிடைக்கும் என்று நீங்கள் நினைப்பதில் தப்பே இல்லை. உங்கள் தெருவிலேயே நாலு வீடு சிங்கப்பூர்ப் பணத்தில் எழும்பியது என்கிறீர்கள். அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தாளில் எழுதியிருக்கும் பாஸ், காலம், சம்பளம் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

எஸ் பாஸ் என்பது ஓரளவு தொழில்திறன் உள்ளவர்களுக்கான சிங்கப்பூர் வேலை அனுமதி. அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. 2025 செப்டம்பரிலிருந்து புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு அது 3,300 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். வயது கூடக் கூட இன்னும் அதிகம். 1,800 வெள்ளிச் சம்பளத்தைக் காட்டினால் விண்ணப்பமே நிற்காது. "ஷார்ட் டெர்ம் எஸ் பாஸ்" என்று தனியாக ஒன்றும் கிடையாது. 1,800 வெள்ளி பொருந்துவது அதற்குக் கீழே உள்ள ஒர்க் பெர்மிட்டுக்குத்தான். இந்தியர்களுக்கு அது பெரும்பாலும் கட்டுமானம், கப்பல் பட்டறை, பெட்ரோகெமிக்கல் ஆலைப் பராமரிப்பு ஆகிய துறைகளில்தான் கிடைக்கும். இந்திய உணவகச் சமையல்காரர் போன்ற சில வேலைகளுக்கும் உண்டு. கட்டுமானத்துக்கு என்றால் முதலில் ஸ்கில் டெஸ்ட் அடிக்க வேண்டும், அதாவது தொழில்திறன் தேர்வில் தேற வேண்டும். டெஸ்ட்டைப் பற்றி உங்கள் ஏஜெண்ட் வாயே திறக்கவில்லை என்றால், எஸ் பாஸ் என்ற பெயரில் எதை விற்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. அல்லது நன்றாகத் தெரிந்தே விற்கிறார்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம். பெர்மிட் என்பது பாஸ்போர்ட் மாதிரி நாம் போய் வாங்குகிற சமாசாரம் இல்லை. சிங்கப்பூர் மனிதவள அமைச்சிடம் விண்ணப்பம் போடுவது அங்கே இருக்கும் கம்பெனி. இல்லையென்றால் அந்தக் கம்பெனி சார்பில், அங்கே உரிமம் பெற்ற ஏஜென்சி. தம்பி தனக்காகத் தானே விண்ணப்பிக்க முடியாது. நம்மூர் ஏஜெண்டும் போட முடியாது. "பெர்மிட் என் கையில் இருக்கு, பணம் கட்டினால் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால், தன்னிடம் இல்லாத ஒன்றை விற்கிறார் என்றுதான் அர்த்தம். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பையனுக்காக விண்ணப்பம் போடப்போவது எந்தக் கம்பெனி?" அதற்குப் பெயர் சொல்லிப் பதில் வராதவரை மற்றப் பேச்சு எதுவும் வேண்டாம்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டால் ஐபிஏ என்று ஒரு கடிதம் வரும். கொள்கை அளவிலான ஒப்புதல். இதைப் பலர் விசா அடித்த தாள் என்று நினைத்து உறையைக்கூடப் பிரிக்காமல் பத்திரப்படுத்துகிறார்கள். பிரித்துப் படிக்க வேண்டிய தாள் அது. ஒர்க் பெர்மிட் என்றால் கம்பெனி பெயர், வேலை, அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், மாதம் எவ்வளவு பிடித்தம் என எல்லாம் அதில் வரும். ஊழியருக்குப் புரியும் மொழியிலும் கொடுப்பார்கள். தம்பி ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே அதன் நகல் அவன் கையில் இருக்க வேண்டும். ஏஜெண்ட் வாயால் சொன்ன சம்பளத்துக்கு அங்கே மதிப்பே கிடையாது. ஐபிஏ-யில் உள்ள எண்ணுக்குத்தான் மதிப்பு. வாயால் 1,800 என்று சொல்லிவிட்டுத் தாளில் அடிப்படைச் சம்பளம் 700, மீதி ஓவர்டைம் என்று இருந்த கதையை என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்ன பையன்கள் உண்டு. கடிதம் உண்மையா என்று மனிதவள அமைச்சின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். காசு கிடையாது. பி.இ. படித்த பையனுக்கு அது பத்து நிமிஷ வேலை, அவனையே பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, ஏஜெண்ட் சொன்ன அந்த "விசிட்டில் போய் அங்கே பெர்மிட் அடித்துக்கொள்ளலாம்" விஷயத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு வயிற்றைக் கலக்கியது இந்த வரிதான். ஐபிஏ கையில் இருந்தால் அதை வைத்தே உள்ளே போகலாம். விசிட் விசாவுக்குத் தேவையே இல்லை. அப்படியிருக்க அவர் விசிட் விசா போடச் சொல்கிறார் என்றால், ஐபிஏ வரவில்லை. அவ்வளவுதான். விசிட்டில் போய் ஒரு நாள் வேலை பார்த்தாலும் அது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதற்கப்புறம் அந்த நாட்டுக்குள் நுழையத் தடையும் விழும். மாட்டிக்கொள்வது தம்பிதான், ஏஜெண்ட் இங்கே டீக்கடையில் இருப்பார். "இமிகிரேஷனில் கேட்டால் மாமா வீட்டுக்கு வந்தேன்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள் பாருங்கள், 22 வயதுப் பையனை இன்னொரு நாட்டு அதிகாரி முன்னால் பொய் சொல்ல வைக்கிற ஏற்பாடு அது.

இதே பேச்சு மலேசியாவுக்கும் ஓடுகிறது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமலேயே அங்கே 30 நாள் வரை சுற்றிப்பார்க்கப் போகலாம் என்று ஆனதும் ஏஜெண்டுகளுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. விசா இல்லாமல் நுழையலாம் என்பதும் வேலை பார்க்கலாம் என்பதும் வேறு வேறு. சிங்கப்பூர் சரிவரவில்லை என்றதும் "அப்போ மலேசியா போகட்டும்" என்று அவர் திருப்பிவிடப் பார்ப்பார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கைக் கொஞ்சம் பேசுவோம். 3 லட்சத்தை மூன்று வட்டிக்கு வாங்கப் போவதாகச் சொன்னீர்கள். மாதம் 9,000 ரூபாய் வட்டி. ஆறு மாதத்தில் வட்டி மட்டும் 54,000. ஆக 3,54,000 ரூபாய். ஆறு மாத வேலை என்றால், கடனை அடைக்க மட்டுமே மாதம் 59,000 ரூபாய் ஊருக்கு அனுப்ப வேண்டும். 1,800 வெள்ளியே முழுசாகக் கிடைத்தாலும் சாப்பாடு, ஃபோன், பிடித்தம் போக மிச்சம் என்ன என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டு வருஷ வேலைக்குச் சரிவரும் செலவு ஆறு மாத வேலைக்குச் சரிவராது. எம்.இ. செலவுக்குப் பணம் சேர்க்கப் போனவன், கடனை அடைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்பான்.

இதில் எந்தச் செலவு யாருடையது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒர்க் பெர்மிட் ஆளுக்கு அங்கே கம்பெனி 5,000 வெள்ளிக்குப் பிணைப் பத்திரம் கொடுக்க வேண்டும், வெளிநாட்டு ஊழியருக்கான லெவி என்ற வரியை மாதாமாதம் அரசுக்குக் கட்ட வேண்டும், மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். இவை எதையும் ஊழியர் தலையில் கட்டக் கூடாது. "வேலை தர்றேன், இவ்வளவு கொடு" என்று முதலாளி கேட்டு வாங்குவதே அங்கே குற்றம். சிங்கப்பூர் ஏஜென்சி ஊழியரிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: ஒரு வருஷ வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை வருஷமானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது.

நம் பக்கமும் சட்டம் இருக்கிறது. 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும்தான். பதிவு இருக்கிறதா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். இதில் ஒரு குழப்பம் உண்டு. பத்தாம் வகுப்பு தாண்டியவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி முத்திரை தேவையில்லை. சிங்கப்பூரும் அந்த முத்திரை கேட்கிற 18 நாடுகளில் இல்லை. உடனே ஏஜெண்டுகள் "உங்களுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது" என்பார்கள். முத்திரை வேண்டாம் என்பது தம்பிக்குத்தான். ஏஜெண்டுக்குப் பதிவு வேண்டாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தமிழ்நாடு அரசுக்கே 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே விளம்பரமாகும் வேலைகளையும் தம்பி அவ்வப்போது பார்க்கலாம்.

அப்படியானால் குறுகிய காலத்துக்கு வெளிநாடு போய் முறையாக வேலை பார்க்கவே முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். ஆனால் வழிகள் குறைவு, அவை ஏஜெண்ட் மூலம் திறக்கிற கதவுகளும் இல்லை.

அந்த "ஆறு மாதம்" எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. சிங்கப்பூரில் பயிற்சிக்கான பாஸ்கள் இருக்கின்றன. ஒன்று மூன்று மாதம் வரை, இன்னொன்று ஆறு மாதம் வரை. இரண்டும் மாணவர்களுக்கும் கம்பெனிப் பயிற்சியாளர்களுக்கும் உரியவை. படித்து முடித்துவிட்டு வேலை தேடுபவருக்கு அவை பொருந்தாது. ஆறு மாதம் தங்கி வேலை பார்க்கும் ஒர்க் ஹாலிடே பாஸும் உண்டு. ஆனால் அது பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் போன்ற குறிப்பிட்ட சில நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்களுக்கு மட்டும். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

தம்பிக்கு நிஜமாகவே பொருந்துவது இரண்டு. முதலாவது ஆஸ்திரேலியாவின் 462 என்ற ஒர்க் அண்ட் ஹாலிடே விசா. 2024-இல்தான் இந்தியர்களுக்குத் திறந்தது. வருஷத்துக்கு 1,000 இடம், குலுக்கல் முறை. 18 முதல் 30 வயது, பள்ளிக்கு அப்புறம் குறைந்தது இரண்டு வருஷப் படிப்பு, ஓரளவு ஆங்கிலம் இருந்தால் போதும். வேலைக் கடிதம் தேவையில்லை. ஒரு வருஷம் அங்கே இருந்து வேலை பார்க்கலாம், பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. குலுக்கலில் பெயர் பதிய 25 ஆஸ்திரேலிய டாலர், பாஸ்போர்ட்டோடு பான் கார்டும் வேண்டும். பெயர் வந்தால் விசாக் கட்டணம் தனி. செலவுக்குக் கையில் ஏறக்குறைய 5,000 டாலரும் டிக்கெட் பணமும் காட்ட வேண்டும்.

இரண்டாவது பிரிட்டன். இளம் தொழில்முறையாளர் திட்டம் என்று இந்தியர்களுக்காகவே 2023-இல் தொடங்கினார்கள். வருஷத்துக்கு 3,000 இடம், இதுவும் குலுக்கல்தான், பெயர் கொடுக்கப் பணம் இல்லை. பட்டப்படிப்பு வேண்டும், வங்கிக் கணக்கில் 2,530 பவுண்டு தொடர்ந்து 28 நாள் இருந்திருக்க வேண்டும். இரண்டு வருஷம் வரை தங்கலாம். ஆனால் மருத்துவக் கட்டணம் என்று வருஷத்துக்கு 776 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டியிருக்கும், அதுதான் இடிக்கும்.

குலுக்கல் என்பதால் இதை நம்பித் திட்டம் போட முடியாது. பெயரைக் கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டியதுதான். "குலுக்கலில் உங்கள் பெயரை வரவைக்கிறேன்" என்று யாராவது பணம் கேட்டால், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கடைசியாகத் தம்பியைப் பற்றி. நீங்கள் எழுதியதில் அவன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. கட்டுமானத்தில் ஒர்க் பெர்மிட்டில் போவது கேவலமே இல்லை. அதில் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் நிறையப் பேர். ஆனால் ஆறு மாதம் கம்பி கட்டிய அனுபவத்தை எம்.இ. சேர்க்கையிலோ மெக்கானிக்கல் வேலைக்கான நேர்காணலிலோ யாரும் கணக்கில் எடுக்கப் போவதில்லை. அவனுக்கு வேண்டியது பணமா, தொழில் அனுபவமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பணம்தான் என்றால் டெஸ்ட் அடித்து, ஐபிஏ பார்த்து, இரண்டு வருஷத்துக்கு முறையாகப் போகட்டும். அனுபவம் என்றால் கோயம்புத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூரில் உள்ள கம்பெனிகளில் அப்ரெண்டிஸ் இடங்களைப் பார்ப்போம். சம்பளம் குறைவு, ஆனால் வட்டி கட்ட வேண்டியதில்லை.

இப்போதைக்கு முன்பணத்தை நிறுத்துங்கள். பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கே நேரில் போய்த் திரும்ப வாங்குங்கள். அது இந்திய அரசின் சொத்து, அதைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. "விசாவுக்கு அனுப்பியாச்சு" என்றால் எங்கே அனுப்பினார், ரசீது எங்கே என்று கேளுங்கள். தர மறுத்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம், நானும் கூட வருகிறேன். கம்பெனி பெயர், ஏஜெண்டின் பதிவு எண், ஐபிஏ நகல் இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஃபோனில் கேட்டால் ஃபோனிலேயே கரைந்துவிடும். வியாழக்கிழமை மாலை தம்பியோடு வாருங்கள். அவர் அனுப்பிய பதிலையும், பதில் வராவிட்டால் அந்த இரண்டு நீல டிக்கையும், தம்பி ஃபோனிலேயே எனக்குக் காட்டச் சொல்லுங்கள்.