மூன்று ஸ்பூன் விதையும் உப்பிய வயிறும்

கேள்வி: எனக்கு 44 வயது. பல வருடமாக வயிற்றுத் தொல்லை. சில நாள் மலச்சிக்கல், சில நாள் சாப்பிட்டு எழுந்ததுமே கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, இது ஐபிஎஸ் (குடல் எரிச்சல் கோளாறு), நார்ச்சத்து சேருங்கள் என்றார் டாக்டர். வாட்ஸ்அப் குழுவில் ஒரு ‘வெல்னஸ் கோச்’ விற்ற ஐந்து விதைக் கலவையைத் தினமும் காலையில் மூன்று ஸ்பூன் சாப்பிடுகிறேன். ஒரு வாரமாக வயிறு உப்பி, இறுக்கிப் பிடிக்கிறது. நஞ்சு வெளியேறுகிறது, நிறுத்தக் கூடாது என்கிறார் அவர். தொடரலாமா? – வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம் அம்மா, இன்றே நிறுத்திவிடுங்கள். நஞ்சு எதுவும் வெளியேறவில்லை. நார்ச்சத்தை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கும்போது காற்று உண்டாகிறது. மற்றவர்கள் அந்தக் காற்றை உணரக்கூட மாட்டார்கள். உங்கள் குடல் நரம்புகளுக்கோ கொஞ்சம் காற்றே வலியாகத் தெரியும். இட்லி, வெள்ளைச் சோறு என்று பழகிய குடலில் ஒரே நாளில் மூன்று ஸ்பூன் விதையைக் கொட்டினால் உப்பத்தான் செய்யும்.

உங்கள் டாக்டர் சொன்னது தப்பில்லை, பாதியில் விட்டுவிட்டார். எந்த நார், எவ்வளவு, எப்படி என்று யார் சொல்வது? நோயாளிக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காத ஓபி-யில் இதைச் சொல்ல ஆளில்லை. பல மருத்துவமனைகளில் உணவியல் ஆலோசகரே கிடையாது. அந்த இடைவெளியில்தான் இந்தக் கோச்சுகள் கடை விரிக்கிறார்கள்.

இவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ‘குடல் சுத்தம்’, ‘டீடாக்ஸ்’ என்று விற்கும் பொடிகளில் நிலாவாரை இலை சேர்ப்பது சகஜம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் காலங்காலமாக விளைகிற நல்ல மூலிகைதான். ஆனால் அது குடலைத் தூண்டிவிடும் பேதி மருந்து, தினசரி உணவில்லை. முதல் வாரம் வயிறு சுத்தமானது போல இருக்கும், அப்புறம் முறுக்கு வலியும் பேதியும் வரும். நாள்கணக்கில் எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் குறைய வாய்ப்புண்டு. உணவுப் பொருளை நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகளில் இடமில்லை. விதி தாளில் இருக்கிறது, விற்பனை வாட்ஸ்அப்பில் நடக்கிறது, போய்ப் பார்க்க ஆளைக் காணோம். பாக்கெட்டில் எது எத்தனை கிராம் என்று அச்சிடாத கலவையைத் தொடாதீர்கள். ‘மூலிகைகள்’ என்று பொதுவாக எழுதியிருந்தால் கட்டாயம் வேண்டாம்.

சரி, என்ன சாப்பிடலாம்? வயிறு பழைய நிலைக்கு வரும்வரை நான்கைந்து நாள் விட்டுவிட்டு, ஒரே ஒரு பொருளில் தொடங்குங்கள். என் முதல் தேர்வு சியாவும் இல்லை, பூசணி விதையும் இல்லை. மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கிற இசப்கோல் உமிதான். அதுவும் ஒரு விதையின் மேல்தோல். நீரில் கரைந்து கொழகொழப்பாகும் நார் அதில் அதிகம். நெதர்லாந்தில் 275 ஐபிஎஸ் நோயாளிகளிடம் 12 வாரம் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. இசப்கோல் எடுத்தவர்களுக்குத் தொல்லை குறைந்தது. கோதுமைத் தவிடு எடுத்தவர்களில் பலர் தொல்லை கூடிப் பாதியிலேயே விலகிவிட்டார்கள். எல்லா நாரும் ஒன்றில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அரை டீஸ்பூன் போதும். பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிட்டு, மேலும் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். ஒரு வாரம் ஒத்துக்கொண்டால் ஒரு டீஸ்பூன். அதற்கு மேல் போக அவசரம் வேண்டாம். தைராய்டு மாத்திரை போடுபவரானால் இடையில் 4 மணி நேரம் விடுங்கள்.

விதைதான் வேண்டும் என்றால் அடுத்தபடி ஆளி விதை. முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். லேசாக வறுத்து, கொஞ்சமாகப் பொடித்து, ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வைத்தால் எண்ணெய் காறிவிடும். ஒரு டீஸ்பூன் மோரிலோ தோசை மாவிலோ கலக்கலாம். உப்பசம் உள்ள ஐபிஎஸ்காரர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி வரை என்பதுதான் பிரிட்டன் மருத்துவ வழிகாட்டலிலும் இருக்கிறது. சியாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 100 கிராமில் சுமார் 34 கிராம் நார், உங்களுக்கு அது எடுத்த எடுப்பில் அதிகம். சாப்பிடும் நாளில் இரவே ஊற வைத்துவிடுங்கள். சப்ஜா சில நிமிடத்தில் ஊறிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். குடல் எங்காவது சுருங்கியிருந்தால் இதில் எதுவுமே வேண்டாம். முன்பு வயிற்றில் அறுவை சிகிச்சை, குடல் காசநோய், கிரோன்ஸ் நோய் (குடலில் நாள்பட்ட அழற்சி) இருந்தவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. நம் நாட்டில் குடல் காசநோய் அபூர்வமில்லை, அது ஆறிய இடம் தழும்பாகிச் சுருங்கிவிடும். நீரை உறிஞ்சி உப்பும் விதை அங்கே போய் அடைத்துக்கொள்ளலாம். விழுங்கும்போது நெஞ்சில் சிக்குகிறது என்பவர்களுக்கும் இதேதான். அமெரிக்காவில் 39 வயதுக்காரர் ஒருவர் உலர்ந்த சியாவை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார், உணவுக்குழாய் அடைத்துக்கொண்டது. 2014-இல் பதிவான சம்பவம் இது. உங்களுக்குச் சிசேரியனோ வேறு வயிற்று அறுவை சிகிச்சையோ நடந்திருந்து, சாப்பிட்டபின் வயிறு முறுக்கி வாந்தியும் வருகிறதென்றால், இசப்கோலைக்கூடத் தொடாமல் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம், எடை குறைவது, தூக்கத்தை எழுப்பும் பேதி என்றாலும் அப்படியே.

மிச்சமிருக்கும் பாக்கெட்டில் வெறும் விதைகள்தான் என்றால் வீட்டில் ஒத்துக்கொள்பவர்கள் சாப்பிடட்டும். நிலாவாரையோ பெயர் சொல்லாத மூலிகையோ இருந்தால் குப்பையில் போடுங்கள். கொடுத்த காசுக்காகச் சாப்பிட்டுத் தீர்க்க வேண்டாம்.