யார் நிறுத்துப் பார்க்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

2005 புகைமூட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அப்போது நான் ஐந்தாம் ஆண்டு மாணவி. ஆகஸ்டில் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் அவசரகாலம் என்று அறிவித்துப் பள்ளியை மூடினார்கள். எதிர் லயத்து வீடுகள் கண்ணுக்குத் தெரியாது. இப்போது அதே ஊரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். "அன்றைக்கு நம்மிடம் இருந்தது ஐபியு என்ற காற்று மாசுக் குறியீட்டு எண் ஒன்றுதான், இன்று காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று செயற்கைக்கோள் மேலிருந்தே சொல்லிவிடுகிறது" என்று முடித்திருந்தீர்கள்.

அதை ஆறாம் ஆண்டு வகுப்பில் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "அது சொல்றது சரின்னு யாரு டீச்சர் பாக்குறா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்தபோது, ஓசோன் ஓட்டையை நாசாவின் கணினி தப்பான தரவு என்று தூக்கிப் போட்டுவிட்டதாக எங்கோ படித்தேன். அது இன்னும் குழப்பிவிட்டது. போன மாதம் கைப்பேசி வரைபடத்தில் நம் ஊர் பச்சையாக இருந்தது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தார்கள். எதை நம்புவது?

ஓர் ஆசிரியை, பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர், மலேசியா
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

முதலில், "சொல்லிவிடுகிறது" என்று நான் எழுதியது தப்பு. அந்தப் பையன் சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறான். அவனுக்குப் பதில் சொல்ல நான் ரப்பர்ப் பால் ஸ்டோரிலிருந்து தொடங்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வயதுக்காரர்கள் செம்பனையைத்தான் பார்த்திருப்பீர்கள். நான் கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். அம்மா பால் வெட்டிக் காண்டா வாளிகளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்தால், அங்கே நிறுப்பது பாலின் எடையை மட்டுமல்ல. பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்பதற்குத்தான் காசு. அதைக் கண்டுபிடிக்க மெட்ரோலாக் என்று ஒரு மிதப்புக் கருவி உண்டு. பாலில் கொஞ்சம் மொண்டு, அதோடு அளந்து தண்ணீர் கலந்து, கருவியை மிதக்கவிடுவார் கிராணி (ஸ்டோர் எழுத்தர்). தண்டில் எந்தக் கோடு மட்டத்தில் நிற்கிறதோ அதுதான் கணக்கு. எங்கள் ஸ்டோரில் ஒரு மங்கு (கிண்ணம்) பாலுக்கு இரண்டு மங்கு தண்ணீர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மெட்ரோலாக் ரப்பரைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது திரவத்தின் அடர்த்தியை. அடர்த்தியிலிருந்து ரப்பரை நாம் ஊகிக்கிறோம். உண்மையான ரப்பர் தெரிய வேண்டுமானால் பாலை உறைய வைத்து, தகடாக்கி, புகைக்கூண்டில் காயவைத்து நிறுக்க வேண்டும். அதற்கு நாள் கணக்காகும். அதுவரை யார் காத்திருப்பது?

நான் பள்ளியில் படித்த காலத்தில், எங்கள் டிவிஷனில் எல்லாருக்கும் மெட்ரோலாக் கணக்கு இறங்கிக்கொண்டே போனது. "மழத்தண்ணி விழுந்திருக்கு, இல்லாட்டி நீங்களே ஊத்திட்டீங்க" என்று கிராணி சொன்னார். மூன்று மாதம் அம்மாவுக்குச் சம்பளத்தில் அடி. பிறகு ஆபீசுக்குப் புதிதாக வந்த கணக்கப்பிள்ளை ஒருவர் சும்மா இருக்க முடியாமல், சீட்டுகளில் எழுதிய ரப்பரையெல்லாம் கூட்டி, புகைக்கூண்டிலிருந்து வெளியே போன தகடுகளின் எடையோடு வைத்துப் பார்த்தார். வாங்கியதாக எழுதியிருந்த ரப்பரைவிட விற்ற ரப்பர் அதிகம்! அப்புறம்தான் ஸ்டோரைத் துருவினார்கள். பழைய மங்கு உடைந்துபோக, தண்ணீர் அளக்க வேறொரு மங்கு எடுத்திருக்கிறார்கள். அது கொஞ்சம் பெரியது. தண்ணீர் கூடினால் கோடு ரப்பரைக் குறைத்துத்தானே காட்டும்? கிராணி தெரியாமல் செய்துவிட்டார் என்பது அம்மாவின் கட்சி. எனக்கு இன்றுவரை அவ்வளவு நிச்சயமில்லை. தப்பு தோட்டத்துக்கு லாபமாக இருந்தவரை யாரும் தேடவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

மங்குகளையும் மெட்ரோலாக்கையும் சோதிப்பது அளவுத்திருத்தம். சீட்டுக் கணக்கைத் தகட்டின் எடையோடு ஒப்பிடுவது சரிபார்ப்பு. இரண்டும் வேறு வேறு வேலை. செயற்கைக்கோள் விஷயத்திலும் இந்த இரண்டும் நடக்கின்றன.

செயற்கைக்கோளும் மெட்ரோலாக் ஜாதிதான். ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் சென்டினல்-5பி 2017 அக்டோபரில் ஏவப்பட்டது. 824 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அதில் ட்ரோபோமி என்ற கருவி இருக்கிறது. அது எந்த வாயுவையும் தொடுவதில்லை. காற்றுக்குள் இறங்கி, தரையிலும் மேகத்திலும் பட்டு மேலே திரும்பும் சூரிய ஒளியைத்தான் பார்க்கிறது. ஓசோன் சில அலைநீளங்களைத் தின்றிருக்கும், நைட்ரஜன் டை ஆக்சைடு வேறு சிலவற்றை. எது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வைத்து வாயுவின் அளவை ஊகிக்கிறார்கள்.

குறைந்தது என்று சொல்ல, குறையாத ஒளி எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமே? அதற்காகக் கருவி சூரியனையும் பார்க்கும். நேரே பார்த்தால் கண் கூசும். அதனால் ஒளியைப் பரப்பிக் கொடுக்கும் ஒரு தட்டின் வழியாக. அந்தத் தட்டுதான் இங்கே தண்ணீர் மங்கு. 1978-ல் ஏவிய நிம்பஸ்-7-ல் இருந்த ஓசோன் கருவிகளுக்கு இதில்தான் சிக்கல் வந்தது. புறஊதாக் கதிர் பட்டுப் பட்டுத் தட்டு மங்கிக்கொண்டே வந்தது. மங்கிய அளவைக் கணக்கில் சரியாகக் கழிக்காததால், உலக ஓசோன் உள்ளதைவிட வேகமாகக் குறைவதுபோல் எண்கள் காட்டின. தரையிலிருந்தே ஓசோனை அளக்கும் டாப்சன் கருவிகளோடு வைத்துப் பார்த்து, 1988-ல் ஒரு நிபுணர் குழு அந்தச் சறுக்கலை எடுத்துச் சொன்னது. ஓசோன் குறைந்தது உண்மை. ஆனால் அவ்வளவு இல்லை.

அதற்குப் பிறகு செய்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. அதே வகைக் கருவி ஒன்றை விண்வெளி ஓடத்தில் ஏற்றி, மேலே ஓசோனை அளந்துவிட்டு, கீழே இறக்கி ஆய்வகத்தில் மறுபடி சோதித்தார்கள். 1989-லிருந்து 1996 வரை எட்டு முறை. ஸ்டோர் மங்கைச் சரிபார்க்க ஆபீஸ் மங்கைக் கொண்டுபோய் வருவது மாதிரி. இன்றைய ட்ரோபோமியில் தட்டே இரண்டு. ஒன்றை அடிக்கடி வெயிலில் காட்டுகிறார்கள். மற்றது அலமாரியில் பூட்டி வைத்த அடிக்கோல் மாதிரி, அதைவிடக் குறைவாகத்தான் வெளியே வரும். முதல் தட்டு எவ்வளவு மங்கியது என்று இரண்டாவது சொல்லும்.

சரி, தகட்டை நிறுப்பது யார்? நம் மாநிலத்திலேயே ஆள் இருக்கிறார்கள். சிப்பாங்கில் நம் வானிலைத் துறை ஓசோன் பலூன் விடுகிறது. அதில் தொங்கும் சிறு பெட்டிக்குள் பொட்டாசியம் அயோடைடு கரைசல். ஒரு குட்டி பம்ப் வெளிக்காற்றை அதற்குள் ஊதும். ஓசோன் கரைசலோடு வினைபுரிந்தால் மெல்லிய மின்னோட்டம் பிறக்கும். மின்னோட்டம் எவ்வளவோ, ஓசோன் அவ்வளவு. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உயரத்தில் பலூன் வெடிக்கும்வரை எண்கள் வந்துகொண்டே இருக்கும். 1998-ல் தொடங்கிய ஷாடோஸ் என்ற வெப்பமண்டல வலையமைப்பில் இந்தத் தரவும் சேர்கிறது. ஷாடோஸின் முழுப்பெயரில் 'தென் அரைக்கோளம்' என்று வரும். நாமோ பூமத்தியக் கோட்டுக்கு வடக்கே. இருக்கட்டும், பெயரில் என்ன!

ஆனால் டீச்சர், தரையில் அளந்தது எப்போதுமே தகட்டு எடை என்று நினைத்துவிடக் கூடாது. நீங்கள் படித்த ஓசோன் ஓட்டைக் கதை இங்கேதான் வருகிறது. பலரும் சொல்லும் கதைதான், ஆனால் நடந்தது அப்படியல்ல. ஓசோனை டாப்சன் அலகில் சொல்வார்கள். 300 அலகு என்றால், மேலே உள்ள ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால் 3 மில்லிமீட்டர் கனம். 180-க்குக் கீழே எண் வந்தால் 'சந்தேகம்' என்று குறி போடும்படி நிரலை எழுதியிருந்தார்கள். குறிதான் போட்டது, தூக்கிப் போடவில்லை. 1984-ல் நாசாவின் ஆட்கள் 1983 அக்டோபர் தரவைப் பார்த்தபோது, குறி விழுந்த எண்களெல்லாம் அண்டார்ட்டிகாவின் மேல் குவிந்திருந்தன. உடனே அவர்கள் செய்தது முறையான வேலை: தென்துருவ நிலையத்தின் தரைக் கணக்கைத் தேடி எடுத்தார்கள். அங்கே 300 அலகு என்று இருந்தது. தரை ஒன்று சொல்கிறது, வானம் இன்னொன்று சொல்கிறது. யாராக இருந்தாலும் கருவியைத்தானே சந்தேகப்படுவார்கள்?

பிழை தரைக் கணக்கில் இருந்தது. பிறகுதான் அது தெரிந்தது. அதற்குள் ஹாலி பே என்ற இன்னொரு அண்டார்ட்டிக் நிலையத்தின் டாப்சன் கணக்கை வைத்து ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டிஷ்காரர்கள் 1985 மே மாதம் 'நேச்சர்' இதழில் ஓட்டையை அறிவித்துவிட்டார்கள். ஒரு தரைக்கருவி செயற்கைக்கோளைத் தயங்க வைத்தது, இன்னொரு தரைக்கருவி அது சரி என்று காட்டியது. இது ஏதோ பழங்காலத்துச் சங்கதி என்றும் எண்ண வேண்டாம். 2013-க்குப் பிறகு உலகின் பல பலூன் நிலையங்களில் ஓசோன் சில விழுக்காடு திடீரென்று இறங்கியது. செயற்கைக்கோள்கள் எதிலும் அந்த இறக்கம் இல்லை. இந்த முறை வானத்தை வைத்துத் தரையின் பிழையைப் பிடித்தார்கள். கோளாறு பலூன் கருவிகளில்.

ஆகவே பையனிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். யாருக்கும் துரை நாற்காலி கிடையாது. எண்கள் முட்டிக்கொள்ளும்போது, யாருக்கு லாபம் என்று பார்க்காமல் மங்கைத் தேடிப் போகிறவர்கள் இருக்கும்வரை அந்த எண்ணை நம்பலாம்.

இனி உங்கள் இருமல் வகுப்பு. வரைபடமும் சரியாக இருக்கலாம், பிள்ளைகளின் இருமலும் சரியாக இருக்கலாம். ஐபியு நிலையம் மூக்கு மட்டத்துக் காற்றை முகர்கிறது. ட்ரோபோமி பார்ப்பது தரையிலிருந்து மேல்வரை நிற்கும் முழுக் காற்றுத் தூணை. அதன் ஒரு கட்டம் ஏறக்குறைய 5.5-க்கு 3.5 கிலோமீட்டர். நம் டவுன், பழைய ஈய லம்பம் (சுரங்கம்), ரெண்டு செம்பனைத் தோட்டம் எல்லாம் ஒரே நிறத்தில் அடங்கிவிடும். அது நம் தலைக்கு மேல் வருவது மத்தியானம் ஒன்றரை மணி வாக்கில். காலையில் பள்ளி வாசலில் நின்று புகைவிட்ட லோரிகள் அதற்குள் போய்விட்டிருக்கும். மேகம் மூடினால் அடியில் இருப்பது தெரியாது. நம் ஊர் மத்தியானத்தில் மேகத்துக்கா பஞ்சம்? தவிர, வாயு எந்த உயரத்தில் அதிகம் இருக்கும் என்று முன்கூட்டியே ஓர் அனுமானம் வைத்துத்தான் கணக்கே போடுகிறார்கள். 2021-ல் வெளியான ஓர் ஒப்பீட்டில், மாசு மிகுந்த நகரங்களில் ட்ரோபோமியின் நைட்ரஜன் டை ஆக்சைடு தரைக்கருவிகள் காட்டியதில் பாதி அளவுக்குக்கூட இறங்கியிருந்தது. கட்டம் பெரிதென்பதும் அந்த அனுமானமும் அதற்குக் காரணங்கள். வரைபடத்தின் பச்சையில் இதெல்லாம் எழுதியிருக்காது. பிள்ளைகளை வெளியே விளையாட விடலாமா என்பதற்கு ஐபியுவையும் உங்கள் மூக்கையும் நம்புங்கள். (2018-லிருந்து ஐபியுவில் பிஎம் 2.5 என்ற மிக நுண்ணிய துகளும் சேர்ந்திருக்கிறது. 2005-ல் நீங்கள் பார்த்த எண்ணில் அது கிடையாது.)

அப்படியானால் மேலிருந்து பார்ப்பதில் நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நம் ஊருக்கு இருக்கிறது. செம்பனை மரம் ஐசோப்ரீன் என்ற வாயுவை விடுகிறது. 2008-ல் சபாவில் மழைக்காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் அளந்து பார்த்தார்கள். காட்டைவிடத் தோட்டத்தில் பல மடங்கு. ஐசோப்ரீன் தனியாக ஒன்றும் செய்யாது. வண்டிப்புகையும் ஆலைப்புகையும் உரமும் தரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் அதோடு வெயிலில் சேர்ந்தால்தான் தரைமட்டத்தில் ஓசோன் பிறக்கும், நெஞ்சைக் கரிக்கிற ஓசோன். ஐசோப்ரீன் சிதைந்து உண்டாகும் ஃபார்மால்டிஹைடைச் செயற்கைக்கோள் பார்க்கும். கித்தாவை வெட்டிச் செம்பனை நட்ட ஊர்க்காரர்கள் நாம், தலைக்கு மேல் என்ன மாறிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த எண் வேண்டும். மங்கைச் சோதித்த எண்ணாக வேண்டும்.

பழைய மெட்ரோலாக் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. பாலுக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன். இன்னும் கித்தா வெட்டுகிற சிறுதோட்டக்காரர் ஒருவரைத் தெரியும். பள்ளி விடுமுறைக்கு முந்தின வாரம் உங்களுக்கு வசதிப்படுமா? வெவ்வேறு அளவில் இரண்டு மங்கு மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள். எது பெரியது என்று பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம்.