62 வயது அம்மாவுக்கு இதயத்தில் உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். இனி அவர் இயல்பாக வாழ முடியுமா?

முடியும் தம்பி. மூன்று மாதத்துக்கு முன் அம்மாவின் மைட்ரல் வால்வை, அதாவது இதயத்தின் இடப்பக்க அறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள வால்வை, மாற்றினார்கள் என்றும், அன்று முதல் கீரை, சந்தை, கோவில், கல்யாண வீடு எல்லாவற்றையும் வீட்டில் தடுத்துவிட்டோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு 71 வயது. இதே மைட்ரல் வால்வு, இதே உலோக வால்வு. வைத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. நாகர்கோவிலில் குடியிருக்கிறேன். வடசேரிச் சந்தைக்கு நானே போய்க் கீரை வாங்கி வருகிறேன், அதைச் சமைத்துச் சாப்பிடவும் செய்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை, கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். ஆகவே "நீ யார் சொல்வதற்கு" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மாத்திரை அளவு, பரிசோதனை நாள் எல்லாம் அவருடைய மருத்துவர் சொல்வதுதான். இத்தனை வருடம் இதனோடு குடும்பம் நடத்தியவள் என்ற உரிமையில்தான் எழுதுகிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது ஒரே விஷயம்தான்: அம்மாவுக்காக வீட்டார் எடுத்த முடிவுகளெல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன, அம்மா என்ன சொன்னார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

என் கதை பள்ளிக்கூடக் காலத்துத் தொண்டை வலியில் தொடங்கியது. பின்னாலேயே காய்ச்சல், மூட்டுக்கு மூட்டு தாவுகிற வீக்கம். அது ருமாட்டிக் காய்ச்சல் என்றோ, அடங்கிய பிறகும் இதய வால்வைத் தழும்பாக்கிக் குறுக்கிவிடும் என்றோ அன்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது மூச்சு முட்டிப் படுக்க முடியாமல் போனபோதுதான் விவரம் தெரிந்தது. அப்போது விலா எலும்புகளுக்கு நடுவே வழி செய்து, ஒட்டிக்கொண்ட வால்வை விரித்துவிட்டார்கள். அது பல வருடம் தாங்கியது. பிறகு 2003-ல் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவ நிலையத்தில் சித்ரா வால்வு பொருத்தினார்கள். டாக்டர் வலியத்தான் தலைமையில் அங்கேயே உருவாக்கிய வால்வு அது, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். உலோக வளையத்துக்குள் சாய்ந்து திறந்து மூடுகிற ஒரு பிளாஸ்டிக் வட்டு, அவ்வளவுதான். இறக்குமதி வால்வைவிட விலை மிகக் குறைவு. சங்கத்துக் கணக்கர் சம்பளத்தில் எனக்கு இதய அறுவை சிகிச்சை சாத்தியமானது அதனால்தான். அதை நன்றியோடு சொல்லாமல் இந்தப் பதிலை எழுத என்னால் முடியாது.

இனி கீரைக்கு வருகிறேன். உலோக வால்வில் ரத்தம் கட்டியாக உறையக்கூடும் என்பதால் ஆயுள் முழுக்க அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிட வேண்டும். இந்த மாத்திரைகள், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுப்பவை, கீரையில் இருப்பதோ அதே வைட்டமின் கே. கீரைக்குக் கெட்ட பெயர் வந்தது இப்படித்தான். ஆனால் கெடுதல் கீரையில் இல்லை, ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. ஒரு மாதம் தொடவே தொடாமல் இருந்துவிட்டு, அடுத்த வாரம் மகள் வீட்டுக்குப் போய் தினமும் முருங்கைக்கீரைத் துவரன் சாப்பிட்டால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பரிசோதனையில் காட்டும் எண்) சரிந்துவிடும். வாரத்துக்கு இன்ன அளவு என்று வைத்துக்கொண்டு, அதற்கேற்ப மாத்திரை அளவை மருத்துவர் ஒழுங்குபடுத்திவிட்டால் பிரச்சினை இல்லை. எனக்கு வாரம் இரண்டு நாள் கீரை, மழையானாலும் வெயிலானாலும். மைட்ரல் உலோக வால்வுக்குப் பொதுவாக ஐ.என்.ஆர். 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்கச் சொல்வார்கள்.

கீரையைக் கண்டு பயப்படுகிறவர்கள் பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவதில்லை. மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல், உறவுக்காரர் கொண்டு வந்து தரும் பெயர் தெரியாத சூரணம், இடுப்பில் போடும் ஊசி, இவைதான் ஆபத்து. காய்ச்சல் வந்து இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் ஐ.என்.ஆர். ஏறும், உடனே ரத்தம் பரிசோதிக்க வேண்டும். மலம் கறுத்துப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. "புதிதாக வந்திருக்கும் மாத்திரைக்கு மாறினால் ரத்தப் பரிசோதனையே வேண்டாமே" என்று யாராவது சொல்வார்கள். உலோக வால்வுக்காரர்களுக்கு அப்படிப்பட்ட மாத்திரையான டாபிகாட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வை, ரத்தக்கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் 2012-ல் பாதியில் நிறுத்தினார்கள். அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என்னிடம் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருக்கிறது. சங்கத்தில் பேரேட்டுக்குக் கோடு போட்ட கை, இதற்கும் போட்டுவிட்டது. தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை எத்தனை மில்லிகிராம், கடைசியில் அகலமாகக் குறிப்புக் கட்டம். அந்தக் கட்டத்தில் "சளி மருந்து", "கொழும்பு மாமி வந்திருந்தார், நான்கு நாள் விருந்து", "பல் ஈறில் ரத்தம், லேசாக" என்றெல்லாம் இருக்கும். எண் தவறிய மாதத்துக்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே கிடைத்துவிடும்.

அந்த நோட்டு என்னைக் காப்பாற்றிய கதையைச் சொல்கிறேன். சில வருடத்துக்கு முன் கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க வேண்டி வந்தது. மகன் துணைக்கு வந்தான். பல் மருத்துவர் என் வாயைப் பார்த்தார், பிறகு என் மகன் முகத்தைப் பார்த்துப் பேசினார்: "அம்மாவுக்கு அந்த மாத்திரையை ஐந்து நாள் நிறுத்திவிட்டு அழைத்து வாருங்கள்." மகனும் தலையாட்டிவிட்டான். நான் நோட்டைப் பிரித்து அவர் மேசையில் வைத்தேன். "டாக்டர், மாத்திரை சாப்பிடுவது நான், என்னிடம் சொல்லுங்கள். இது மைட்ரல் உலோக வால்வு. என் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்த மாட்டேன்" என்றேன். அவருக்கு முகம் சுருங்கியது. இதய மருத்துவர் தொலைபேசியிலேயே, நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வால்வில் கட்டி உறைந்து பக்கவாதம் வரலாம் என்று சொல்லிவிட்டார். முந்தின நாள் பரிசோதித்ததில் ஐ.என்.ஆர். 2.8. பல் எடுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன், வால்வில் கிருமி தொற்றாமலிருக்க இரண்டு கிராம் அமாக்சிசிலின். பல்லை எடுத்துத் தையல் போட்டார்கள், பஞ்சை வைத்து அழுத்தினார்கள், ரத்தம் நின்றது. அன்று மாலை ஆறு மணி மாத்திரையையும் வழக்கம்போல் சாப்பிட்டேன்.

முதியவர்களை இப்படித் தாண்டிப் பேசுவது பல் மருத்துவமனையில் மட்டுமா நடக்கிறது? என் சொந்தச் சேமிப்பில் வைப்புத்தொகை போட ஒரு வங்கிக்குப் போனால், "பையன் வரவில்லையா?" என்கிறார்கள். முப்பது வருடம் பிறர் பணத்துக்குப் பைசா பிசகாமல் கணக்கு எழுதியவளிடம்! படிவத்தை நான் நிரப்பிக் கொடுத்தாலும், பக்கத்தில் நிற்கும் பேரனிடம் சரிதானா என்று கேட்கிறார்கள். வயது ஏறினால் காதும் காலும் தளரலாம், அதற்காகப் புத்தியும் போய்விட்டது என்று முடிவு கட்டுவது என்ன நியாயம்? கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். எனக்குச் சம்பந்தம் இருப்பதாகத்தான் படுகிறது.

ஒன்று விட்டுப்போனது. இரவில் ஊர் அடங்கிய பிறகு வால்வின் டிக் டிக் சத்தம் அம்மாவுக்குக் கேட்கும். முதல் சில மாதம் தூக்கம் கெடும், பிறகு பழகிவிடும். அந்தச் சத்தத்தை அவர் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அது மங்கினாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த மாற்றம் முதலில் தெரிவது அவருக்குத்தான், உங்களுக்கு அல்ல.

மூன்று மாதம் ஆகிவிட்டதால் நெஞ்செலும்பு கூடியிருக்கும். மருத்துவர் சரி என்றால் காலையில் நடக்கவிடுங்கள், கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் போகவிடுங்கள். பந்தியில் உப்பு மிகுந்த அப்பளம், ஊறுகாயைத் தள்ளிவைக்க அவருக்கே தெரியும். அடுத்த பரிசோதனைக்கு முன் ஒரு நோட்டு வாங்கி அவர் கையில் கொடுங்கள். மருத்துவர் எதிரே அவர் உட்காரட்டும், நீங்கள் பின் நாற்காலியில் இருங்கள். வால்வின் வகையும் அளவும் எழுதிய அட்டையை மருத்துவமனையில் கொடுத்திருப்பார்கள். அது உங்கள் பீரோவில் இருந்தால் எடுத்து அம்மாவின் கைப்பையில் வையுங்கள், நகல் உங்களிடம் இருந்தால் போதும்.