பாங்காக் செல்பவர்களுக்கு: கேள்வி பதில்

பதினொரு ஆண்டுகளாகப் பாங்காக்கில் வசிக்கிறேன். முதன்முறையாக இந்நகருக்கு வரவிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இயன்ற வரை பதில் எழுதியிருக்கிறேன். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. எனவே அதைத் தாய்லாந்துத் தூதரகத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்க வேண்டாம்.

மூன்று நாள்களே கையில் உள்ளன. முதல் நாளை எப்படிச் செலவிடுவது?

ஆற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாலையில் ஒரு மணி நேரம் நெரிசலில் நிற்கும் தூரத்தைச் சாவோ பிராயா ஆற்றில் படகு எளிதாகக் கடந்துவிடும். மேம்பால ரயிலில் சபான் தாக்சின் நிலையத்தில் இறங்கினால் கீழேயே சாத்தோன் படகுத்துறை இருக்கிறது. ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு உள்ளூர் மக்கள் வேலைக்குச் செல்லும் படகு. கட்டணம் மிகக் குறைவு.

மன்னரின் பெரிய அரண்மனை (கிராண்ட் பேலஸ்) காலை 8.30 மணிக்குத் திறக்கும்போதே வாசலில் இருங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் 500 பாட். பத்து மணிக்கு மேல் வெயிலும் சுற்றுலாப் பேருந்துகளும் சேர்ந்து வந்துவிடும். அரண்மனை வளாகத்துக் கோயிலில் உள்ள சிலைக்கு மரகத புத்தர் என்று பெயரே தவிர, அது பச்சை மணிக்கல்லால் ஆனது. உயரம் 66 செ.மீ. மட்டுமே. கோடை, மழை, குளிர் என்று பருவத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு மூன்று முறை மன்னரே அதற்கு ஆடை மாற்றுகிறார். தோளும் முழங்காலும் மூடிய உடை அணியாவிட்டால் உங்களை உள்ளே விடமாட்டார்கள்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் வாட் போ ("வாட்" என்றால் கோயில்). 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரின் பாதங்களைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்களை அவற்றில் இழைத்திருக்கிறார்கள். சிலையின் முதுகுப் பக்கம் சுவரோரமாக 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக உள்ளன. மக்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு காசு போட்டுக்கொண்டே நடப்பதால், கூடம் முழுவதும் ஓயாத கிண்கிணி ஓசை கேட்கும். வெயில் தாழ்ந்ததும் தா தியன் துறையிலிருந்து எதிர்க்கரைக்குப் படகேறி வாட் அருணைப் பாருங்கள். அதன் கோபுரம் முழுவதும் பதித்திருக்கும் பூக்கள், அருகில் சென்று பார்த்தால், சீனப் பீங்கான் சில்லுகள்.

அரண்மனைக்கு அருகே நல்ல உடையணிந்த ஒருவர், "இன்று விழா, பிற்பகல் வரை மூடியிருக்கும்" என்று சொல்வாராமே?

சொல்வார். மூடியிருக்காது. நீங்கள் நம்பினால், மிகக் குறைந்த கூலிக்கு ஒரு டுக்-டுக் வண்டியில் உங்களை ஏற்றி, இரண்டு கோயில்களைக் காட்டிவிட்டு மூன்றாவதாக ஒரு ரத்தினக்கல் கடைக்கு அழைத்துச் செல்வார்கள். நான் வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே இப்படி ஒரு கடைக்குள் அமர்ந்து, ஊரில் இரு மடங்கு விலைக்கு விற்கலாம் என்ற பேச்சை நம்பி, ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து நீலக்கல் வாங்கினேன். ஊரில் மதிப்பிட்ட ஆசாரி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். அன்று கற்ற பாடத்தைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன்: இந்நகரில் நீங்களாகச் சென்று வழி கேட்டால் எவரும் பெரும்பாலும் நேர்மையாகவே உதவுவார், தாமாக உங்களை நாடி வந்து ஆங்கிலத்தில் பேசுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பணத்தை எங்கே மாற்றுவது?

விமான நிலையத்தின் மேல்தளங்களில் மாற்றாதீர்கள். சுவர்ணபூமியின் அடித்தளத்தில், நகருக்குச் செல்லும் ரயில் புறப்படும் இடத்தருகே உள்ள தனியார் சாவடிகளில் மதிப்பு நன்றாகக் கிடைக்கும். ரூபாயை விட டாலர் மேல்; அதிலும் 100 டாலர் தாளுக்குச் சிறு தாள்களை விடக் கூடுதலாகத் தருவார்கள். வெளிநாட்டு அட்டையை ஏடிஎம்மில் போட்டால் ஒவ்வொரு முறையும் 220 பாட்டுக்குக் குறையாமல் பிடித்துக்கொள்வார்கள்.

துணிமணி வாங்கச் சத்துசாக் சந்தை போதுமா?

சத்துசாக்கின் பெருங்கூட்டம் சனி, ஞாயிறு இரு நாள்களும்தான். ஆயிரக்கணக்கான கடைகள் இருப்பதால், பிடித்ததைப் பார்த்தவுடன் வாங்கிவிடுங்கள். திரும்பி வந்து அதே கடையைக் கண்டுபிடிப்பது கடினம். மொத்த விலையில் ஆயத்த ஆடை வேண்டுமானால் பிரதுனாம் பகுதிக்குச் செல்லுங்கள். மூன்று உருப்படிக்கு மேல் எடுத்தால் பல கடைகளில் விலை தாமாகவே இறங்கும். துணியாக வாங்கித் தைப்பவர்கள் பாஹுரத்துக்குப் போக வேண்டும். சீக்கியர் குருத்வாராவைச் சுற்றி வளர்ந்த அந்தக் கடைத்தெருவில் பட்டு, சரிகை, மணி, நாடா எல்லாம் கிடைக்கும். அதையொட்டி இருக்கிறது சம்பெங் சந்து. எதிரே சுமைவண்டி வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய அளவுக்குக் குறுகியது. சாம் யோத் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து இரண்டுக்கும் நடந்தே செல்லலாம்.

பேரங்காடிகளில் ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 பாட்டுக்கு மேல் வாங்கினால், கடவுச்சீட்டைக் காட்டி வரி திரும்பப் பெறும் படிவத்தை அங்கேயே கேட்டு வாங்குங்கள். மறுநாள் கேட்டால் தரமாட்டார்கள்.

நாங்கள் சைவம். என்ன சாப்பிடலாம்?

"மாமிசம் வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டதும் இறைச்சித் துண்டுகளை விட்டுவிட்டு, மீன் சாற்றையும் சிப்பிக் குழம்பையும் வழக்கம்போல் ஊற்றிச் சமைத்துத் தருவார்கள். அதில் அவர்களுடைய தவறு எதுவும் இல்லை. நமக்கு உப்பு எப்படியோ அவர்களுக்கு மீன் சாறு அப்படி. நீங்கள் சொல்ல வேண்டிய சொல் "ஜே". சீன பௌத்த மரபிலிருந்து வந்த இந்த உணவில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை. பூண்டும் வெங்காயமும்கூட இல்லை. மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்தில், ஏறத்தாழ 17 என்ற எண்ணைப்போல் தோன்றும் கொடி தொங்கும் கடைகளைத் தேடுங்கள். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும் ஒன்பது நாள் ஜே திருவிழாவின்போது யாவொராத் சீனர் தெருவே மஞ்சளாகிவிடும்.

நான் ஐந்து நாள் இருந்தேன். பப்பாளிச் சாலட் மட்டுமே சாப்பிட்டேன், அது காய்தானே? நீங்கள் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள்.

அது செய்யப்படுவதை ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். கடைக்காரர் மண் உரலில் பூண்டையும் மிளகாயையும் போட்டு மர உலக்கையால் இடிக்கிறார், பனைவெல்லம் சேர்க்கிறார், பிறகு நம் சென்னாக்கூனியைப் போன்ற காய்ந்த இறாலை ஒரு கை அள்ளிப் போடுகிறார். எலுமிச்சையைப் பிழிந்ததும் அவர் சாய்க்கும் பழுப்பு நிறப் புட்டியில் இருப்பதுதான் மீன் சாறு. காய் கடைசியில்தான் விழுகிறது. நீங்கள் சாப்பிட்டது காய் என்பது உண்மை. காய் மட்டும் என்பது உண்மையன்று.

"மை சாய் நாம் ப்லா" என்று சொன்னால் மீன் சாறு ஊற்றமாட்டார்களே? ஜே கடையில் பூண்டும் இல்லாமல் உப்புச்சப்பற்ற சாப்பாடு எதற்கு?

சொன்னால் ஊற்றமாட்டார்கள். ஆனால் முந்தைய வாடிக்கையாளருக்கு ஊறவைத்த நண்டு இடித்த அதே உரலை உங்களுக்காகக் கழுவ மாட்டார்கள். நூடுல்ஸ் கடையில் மீன் சாற்றைத் தவிர்த்தாலும், கொதிக்கும் சாறு பெரும்பாலும் பன்றி எலும்பில் எடுத்தது. ஜே உணவில் சுவை இல்லை என்பதையும் ஏற்க மாட்டேன். காளானும் சோயாவும் கொண்டு அவர்கள் செய்யும் குழம்பைச் சுடுசோற்றில் ஊற்றிச் சாப்பிட்டவர் அப்படிச் சொல்லமாட்டார்.

முட்டை சாப்பிடும் எங்களுக்கு எந்தச் சொல்?

"மங்சவிரத்". அதில் முட்டையும் பாலும் பூண்டும் இருக்கலாம். மீன் சாறு வேண்டாம் என்பதை அப்போதும் தனியே சொல்லுங்கள்.

இதே பொருளில் மேலும் ஐந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரு துளிதானே, தெரியாமல் சாப்பிட்டால் பாவமில்லை என்கிறார் ஒருவர். அது அவரவர் நோன்பு, அதில் நான் தலையிடவில்லை. தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் உரிமை உண்பவருக்கு வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

மிதக்கும் சந்தை?

தம்னோன் சடுவாக் மிதக்கும் சந்தை பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ.; அரை நாள் போய்விடும். வார இறுதியானால் நகருக்குள்ளேயே தாலிங் சான் சந்தை போதும்.

எந்த மாதம் வரலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மாம்பழத்துடன் ஒட்டரிசிச் சோறு சாப்பிடுவதே நோக்கமானால் வெயிலைப் பொறுத்துக்கொண்டு ஏப்ரலில் வாருங்கள்.

விடுதி வாசலில் ஒருவர், அரண்மனை புதன்கிழமைகளில் மூடியிருக்கும் என்றார். உண்மையா?

மேலே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து படியுங்கள். அரண்மனை வாசலுக்கே சென்று சீட்டுக் கொடுப்பவரிடம் கேளுங்கள். வேறு எவரிடமும் கேட்காதீர்கள்.

புத்தர் சிலை வாங்கி வரலாமா?

நுண்கலைத் துறையின் அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டு செல்ல முடியாது. மின்சிகரெட்டையும் இங்கே கொண்டு வராதீர்கள். அது தடை செய்யப்பட்ட பொருள்.

எழுபது வயது அம்மாவை அழைத்து வருகிறேன். அதிகம் நடக்க முடியாது. அவருக்குப் பிடித்தமாக எதைக் காட்டுவது?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். சீலோம் சாலையில், பான் தெரு முனையில், 19ஆம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாய்லாந்து மக்கள் அதை "வாட் கேக்" என்பார்கள். வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். தேங்காயும் செவ்வந்தி மாலையும் வைத்த தட்டை ஏந்தி, நம்மைப் போலவே கண்மூடி நிற்பார்கள்.

மறுநாள் ராட்சத ஊஞ்சலுக்கு டாக்சியில் செல்லுங்கள். வாசல் வரை வண்டி போகும். செந்நிறத் தேக்குத் தூண்கள் வானளாவ நிற்கும் அவ்விடத்தில் 1935 வரை ஊஞ்சல் விழா நடந்தது. அவ்விழாவின் பெயர் திரியம்பவாய், திரிபவாய். அருகிலேயே 1784இல் கட்டப்பட்ட பிராமணர் கோயில் இருக்கிறது. ஊஞ்சல் நின்றுவிட்டாலும், அவ்விழாவின் பூசைகள் அங்கே இன்றும் தொடர்கின்றன. மார்கழி தோறும் திருவெம்பாவையும் திருப்பாவையும் பாடியவரானால், அந்த இரு பெயர்களையும் உங்கள் அம்மாவிடம் மெதுவாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். விளக்கம் எதுவும் தேவைப்படாது.