குச்சி ஆன்டெனா மதுரையில் எடுக்குமா?

சிம்மக்கல் பக்கம் முப்பது வருஷமா டிவி ரிப்பேர் பார்க்கிறேன். கேட்டவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

செல்லூரிலிருந்து: அண்ணே, டிஜிட்டல் இன்டோர் ஆன்டெனா ஒண்ணு வாங்கினேன். ஜன்னல், பீரோ மேலன்னு எல்லா இடத்துலயும் வச்சுப் பாத்துட்டேன். ஸ்கேன் பண்ணா ஒரு சேனல்கூட வரலை.

தப்பு உங்க மேலயும் இல்லை, குச்சி மேலயும் இல்லை. காத்துல சிக்னல் இருந்தாத்தானே அது பிடிக்கும்? 2016-ல தூர்தர்ஷன் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கின 16 நகரங்கள்ல சென்னை உண்டு, மதுரை இல்லை. மொட்டை மாடியில மீன்முள் ஆன்டெனாவைக் கொடைக்கானல் டிவி டவர் பக்கம் திருப்பி, "வருதா? வருதா?"ன்னு கீழே கத்தின காலம் பழைய அனலாக் ஒளிபரப்போட போச்சு. அட்டைப்பெட்டியில எத்தனை சேனல்னு போட்டிருந்தாலும் நம்பாதீங்க. மாசக் கட்டணம் இல்லாம பாக்கணும்னா தூர்தர்ஷனோட இலவச சாட்டிலைட் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்தான் வழி.

எல்லீஸ் நகரிலிருந்து: மாடிக்குப் போக அனுமதி இல்லை. பால்கனியில டிஷ் வைக்கலாமா? தென்கிழக்கு பார்த்த பால்கனிதான்.

திசை சரி. ஆனா ஃப்ரீ டிஷ் வர்ற ஜிசாட்-15 சாட்டிலைட், 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேல இருக்கு. மதுரையிலிருந்து பாத்தா அது கிட்டத்தட்ட 68 டிகிரி உயரத்துல, தலைக்கு மேலன்னே சொல்லலாம். மேல் வீட்டு பால்கனித் தளம் மறைச்சிடும். கைப்பிடிக்கு வெளியே கம்பி நீட்டி மாட்டினாத்தான் வானம் கிடைக்கும். மாடி கிடைச்சவங்களுக்கு இதே உயரம் பெரிய வசதி. டிஷ்ஷை விட 10 அடி உசந்த சுவர் எதிர்ல இருந்தாலும், அதுலேருந்து 4 அடிக்குக் கொஞ்சம் கூடத் தள்ளி வச்சா போதும். டெல்லிக்காரர் வீடியோவைப் பாத்து அதே கோணத்துல டிஷ்ஷைச் சாய்க்காதீங்க. அங்கே சாட்டிலைட் இன்னும் தாழ்வா இருக்கும்.

உசிலம்பட்டியிலிருந்து: பாக்ஸோட சிக்னல் திரையில ஸ்ட்ரெங்த் 90 காட்டுது, குவாலிட்டி 0. பாக்ஸ் போயிருச்சா?

பாக்ஸைக் குறை சொல்லாதீங்க. எல்என்பிக்கு, அதாவது டிஷ் முன்னால கம்பி நுனியில இருக்கிற சிக்னல் பிடிக்கிற கருவிக்கு, கரண்ட் போனாலே ஸ்ட்ரெங்த் ஏறிடும், டிஷ் வேப்ப மரத்தைப் பாத்துட்டு இருந்தாலும். குவாலிட்டிதான் கணக்கு. டிஷ்ஷை ஒரு விரக்கடை, ஒரு விரக்கடையா நகத்தி, ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு விநாடி பொறுங்க. குவாலிட்டி வந்ததும் எல்என்பியை அதன் பிடியிலேயே மெல்லத் திருகிப் பாருங்க. நம்ம ஊர்ல அதை நல்லாவே திருக வேண்டியிருக்கும். பெரும்பாலானவங்க நேரா மாட்டி விட்டுட்டு, பாதிச் சேனல் வரலைன்னு என்கிட்ட வர்றாங்க.

திருமங்கலத்திலிருந்து: மழை நின்னு ரெண்டு நாளாகியும் படம் உடையுது.

மழை கொட்டும்போது போறது இயல்பு. நின்ன பிறகும் போனா கனெக்டர்ல தண்ணி. அந்த நுனியை வெட்டிட்டுப் புதுசு போடுங்க. எல்என்பிக்குப் பக்கத்துல கேபிளைக் கீழே தொங்குற மாதிரி ஒரு வளைவு விட்டா தண்ணி அங்கேயே சொட்டிடும்.

நரிமேட்டிலிருந்து: மார்ச் மாசம் நாலைஞ்சு நாள் காலை 11 மணி வாக்குல மட்டும் படம் போச்சு.

சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால வர்ற நேரம் அது. செப்டம்பர் கடைசியிலயும் வரும். சில நிமிஷம்தான். டிஷ்ஷைத் தொடாதீங்க.

விளாங்குடியிலிருந்து ஒரு அம்மா: தம்பி, பெரியவன் லண்டன்ல குராய்டன்ல இருக்கான். இங்கே எடுக்காத குச்சியை அவனுக்குக் கொண்டு போகலாமா?

தாராளமா கொண்டு போங்கம்மா! அங்கே 2012-லேயே அனலாக்கை நிறுத்தி முழுசா டிஜிட்டல் ஆக்கிட்டாங்க. கிறிஸ்டல் பேலஸ் டிவி டவர் பக்கத்துலயே இருக்கு. அந்தப் பக்கம் பாத்த ஜன்னல்ல, கொஞ்சம் உயரமா வைக்கச் சொல்லுங்க. டிவிக்குப் பின்னால செருகி வைக்க வேண்டாம். டவருக்கு அவ்வளவு கிட்டத்துல, சிக்னலைக் கூட்டுற பூஸ்டர் கெடுதல்தான், கழட்டி வைக்கணும். இடம் மாத்தினா மறுபடி ஸ்கேன் பண்ணணும்.