டிக்கியில் 12 வோல்ட் சாக்கெட்: ஒயரை எங்கிருந்து இழுப்பது?

கேள்வி: கேம்பிங் போகும்போது சின்ன கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், மெத்தைக்குக் காற்றடிக்கும் பம்ப், எல்இடி விளக்கு மூன்றையும் டிக்கியிலிருந்தே ஓட்ட நினைக்கிறேன். டிக்கி விளக்குக்கு வரும் ஒயரிலேயே ஒரு சாக்கெட்டைச் சேர்த்துவிடலாமா? இல்லையென்றால் எப்படி வைப்பது?

பதில்: விளக்கு ஒயரில் கை வைக்காதீர்கள். டிக்கி விளக்கு பெரும்பாலும் 5 வாட் பல்பு. அரை ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கும், ஒயரும் அதற்கேற்ற மெல்லிசுதான். உங்கள் ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 முதல் 5 ஆம்பியர், பம்ப் 10 ஆம்பியர் வரை கேட்கும். பல கார்களில் வண்டியைப் பூட்டிய சிறிது நேரத்தில் அந்த விளக்கு இணைப்பே தானாகத் துண்டிக்கப்பட்டுவிடும். டேஷ்போர்டில் உள்ள சாக்கெட்டிலிருந்து ஒயரைப் பின்னால் நீட்டுவதும் சரிவராது. அந்த ஃபியூஸை வேறு சில கருவிகளும் பகிர்ந்துகொண்டிருக்கும். பம்பைப் போட்டதும் எல்லாம் சேர்ந்து அணைந்துபோகும்.

முதலில் டிக்கியின் பக்கவாட்டு பேனலைப் பாருங்கள். சில மாடல்களில் உயர்ந்த ரகத்துக்கு மட்டும் அங்கே சாக்கெட் வரும். மற்றவற்றில் அந்த இடத்தை பிளாஸ்டிக் மூடி அடைத்திருக்கும். மூடிக்குப் பின்னால் ஒயரும் இருந்தால், அந்தச் சர்க்யூட்டின் ஃபியூஸ் அளவைப் பார்த்துக்கொண்டு அதையே பயன்படுத்தலாம். பேட்டரியே டிக்கியில் இருக்கும் கார் என்றால் ஒரு மீட்டர் ஒயரில் வேலை முடிந்தது. மற்ற எல்லோரும் பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுக்கத்தான் வேண்டும்.

சாக்கெட்டைவிட ஒயரின் பருமனில்தான் கவனம் வேண்டும். பானட்டிலிருந்து டிக்கி வரை ஒயர் வளைந்து நெளிந்து வருவதற்குச் சுமார் 6 மீட்டர் பிடிக்கும். ஃபிரிட்ஜும் பம்பும் சேர்ந்து 15 ஆம்பியர் இழுத்தால், 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் பாசிட்டிவ் பக்கம் மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 2.5 ஸ்கொயரில் இழப்பு 0.6 வோல்ட், 4 ஸ்கொயரில் 0.4, 6 ஸ்கொயரில் 0.26. விளக்குக்கு இந்த இழப்பு ஒரு பொருட்டே இல்லை. ஃபிரிட்ஜ் அப்படியில்லை. கார் பேட்டரியைக் காப்பதற்காகக் குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே போனால் தானாக நின்றுவிடும் அமைப்பு அதில் இருக்கிறது. அதிகப் பாதுகாப்பு நிலையில் வைத்தால் மாடலைப் பொறுத்து 11 முதல் 11.8 வோல்ட்டில் நிற்கும். பேட்டரியில் 12.3 வோல்ட் இருந்தும் ஒயரின் கடைசியில் 11.3தான் வந்து சேர்ந்தால், பேட்டரி தீர்ந்துவிட்டதாக நினைத்து ஃபிரிட்ஜ் நின்றுவிடும். பேட்டரியைப் பழித்துப் புதிதாக ஒன்று வாங்கினாலும் கோளாறு அப்படியே இருக்கும். ஆகவே 4 ஸ்கொயருக்குக் குறையாத ஒயர் போடுங்கள். ஃபிரிட்ஜ்தான் முக்கியம் என்றால் 6. சுத்தச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயரில் அதே பருமனுக்கு இழப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 முதல் 20 செ.மீ.க்குள் தண்ணீர் புகாத ஹோல்டரில் 20 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் இருக்க வேண்டும். டிக்கியில் சாக்கெட்டுக்கு அருகே மட்டும் ஃபியூஸ் வைப்பவர்கள் உண்டு. அது மிக ஆபத்தான பழக்கம். ஒயர் வழியில் எங்காவது நசுங்கி உடல்தகட்டைத் தொட்டால், பேட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். பின்னால் இருக்கும் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. கம்பளத்துக்கு அடியில் ஒயர் பற்றி எரியும். முன்னால் 20 ஆம்பியர் போட்டபிறகு, டிக்கியில் இரண்டாகப் பிரித்து ஃபிரிட்ஜ் சாக்கெட்டுக்கு 10 ஆம்பியர், பம்ப் சாக்கெட்டுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் தனித்தனியே வையுங்கள். ஒன்று போனால் மற்றது நிற்காது.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். மாட்டும்போது அதுதான் கடைசி. ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் கனெக்டர்கள் இருக்கும் பக்கம் போவதாக இருந்தால், கழற்றிய பின் சில நிமிடம் பொறுங்கள், அந்த ஒயர்களைத் தொடவே தொடாதீர்கள். ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிளுக்கும் இதே விதிதான்.

எஞ்சின் பக்கமிருந்து உள்ளே நுழைய ஏற்கெனவே உள்ள ரப்பர் குரோமெட்டைப் (தகட்டுத் துளையில் பொருத்திய ரப்பர் வளையம்) பயன்படுத்துங்கள். தகட்டில் புதுத் துளை போட்டால் அதன் விளிம்பு நாளடைவில் ஒயரை அறுக்கும். எஞ்சின் அறையில் ஒயருக்கு நெளிவுக் குழாய் உறை போட்டு, சூடாகும் புகைக்குழாயிலிருந்தும் அசையும் பாகங்களிலிருந்தும் தள்ளிக் கட்டுங்கள். பிறகு கதவடி பிளாஸ்டிக் பட்டியைக் கிளிப்பிலிருந்து மெல்ல எழுப்பி, அதன் கீழ் பின்சீட் வரை கொண்டு போங்கள். சீட் தண்டவாளத்துக்கு அடியிலோ, பட்டியின் ஸ்க்ரூ இறங்கும் இடத்திலோ ஒயர் கிடக்கக் கூடாது. நசுங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

எர்த்துக்கு, அதாவது நெகட்டிவ் பக்க இணைப்புக்கு, டிக்கியிலேயே உடல்தகட்டில் உள்ள போல்ட் போதும். காரின் சொந்த எர்த் முனை அங்கே இருந்தால் அதுவே நல்லது. சீட் பெல்ட் போல்ட்டைத் தொட வேண்டாம். லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) உட்காரும் வட்டம் அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, தகடு பளிச்சென்று தெரிந்த பின் இறுக்கி, மேலே துருத்தடுப்புப் பூச்சு கொடுங்கள். பெயின்ட் மேலேயே இறுக்கிய எர்த்தில் விளக்கு எரியும், ஃபிரிட்ஜ் திணறும். பேட்டரி நெகட்டிவ் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் பொருத்திய கார்களில் இன்னொன்றும் உண்டு. எர்த்தைத் தப்பித்தவறி அந்த முனையிலேயே நேரடியாக இணைத்தால், நீங்கள் எடுக்கும் மின்சாரம் சென்சாரின் கணக்கில் வராது.

முனைகளில் சரியான அளவு லக் போட்டு கிரிம்ப் செய்து (அதற்கான கருவியால் அழுத்தி இறுக்கி), வெப்பத்தில் சுருங்கும் உறை ஏற்றுங்கள். இழுத்துப் பார்த்தால் அசையக் கூடாது. வெறும் சால்டர் அதிர்வில் விரிசல் விட்டுவிடும்.

சாக்கெட்டுக்கு பேனலில் 28 அல்லது 29 மி.மீ. துளை தேவைப்படும். துளைக்கும் முன் பேனலைக் கழற்றி, பின்னால் என்ன ஓடுகிறது என்று கண்ணால் பாருங்கள். சிகரெட் லைட்டர் வடிவ சாக்கெட்டில் நடுமுனையை அழுத்திப் பிடிப்பது ஒரு சிறு ஸ்பிரிங் மட்டுமே. அந்தத் தொடுகையில் 0.05 ஓம் தடை இருந்தாலும் 10 ஆம்பியரில் 5 வாட் வெப்பம் ஓரிடத்தில் குவியும். பிளக்கின் நுனியைச் சுற்றிப் பழுப்பாகத் தீய்ந்த வளையம் தெரிந்தால் காரணம் இதுவே. ஃபிரிட்ஜ் பல மணி நேரம் தொடர்ந்து ஓடுவதால் அதற்குத் திருகிப் பூட்டும் சாக்கெட்டோ, 50 ஆம்பியர் ஆண்டர்சன் கனெக்டரோ (அதிக மின்சாரம் தாங்கும் இருமுனை பிளக்) மேல்.

எப்போதும் மின்சாரம் இருக்கட்டுமா, சாவி போட்டால் மட்டுமா? இரவில் ஃபிரிட்ஜ் ஓட வேண்டும் என்பதால் எப்போதும் இருப்பதே உங்களுக்குப் பொருந்தும். ஆனால் நடுவில் 12.1 வோல்ட்டை ஒட்டித் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி கட்டாயம். 45 வாட் ஃபிரிட்ஜ் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் 10 மணி நேரத்தில் சுமார் 12 ஆம்பியர் மணி. வெயில் காலத்தில் பாதி நேரம் ஓடினால் 19. ஸ்டார்ட்டர் பேட்டரியை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். 45 ஆம்பியர் மணி பேட்டரிக்கு வெயில் கால இரவு ஒன்றே அதிகம். இரண்டு இரவு தங்குவதானால் தனியாக லித்தியம் பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டிய பின் மல்டிமீட்டரால் பேட்டரியிலும் சாக்கெட்டிலும் பம்ப் ஓடும்போதே அளந்து பாருங்கள். 4 ஸ்கொயர் ஒயரில் இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தையும் கிரிம்பையும் மறுபடி பாருங்கள். பம்ப் ஓடி முடிந்ததும் ஃபியூஸ் ஹோல்டரையும் பிளக்கையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் இருந்தால் அந்த இணைப்பு சரியில்லை. வோல்ட் காட்டும் யுஎஸ்பி சாக்கெட் வைத்தால் அதற்கு ஒரு சுவிட்சும் சேருங்கள். அந்தச் சிறு எண் பலகை 20 மில்லி ஆம்பியர் இழுத்தாலும், கார் ஒரு மாதம் சும்மா நின்றால் பேட்டரியில் 14 ஆம்பியர் மணி குறைந்திருக்கும்.